தொடாத வரிசை

அவருக்குக் கை சும்மா இருக்காது. அறையை விட்டு வெளியே வரும்போது கதவின் விளிம்பை இரண்டு விரலால் தொடுவார். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிக் கம்பியை மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம். சைக்கிளில் ஏறுவதற்கு முன் சீட்டில் ஒரு தட்டு. அதில் பக்தியும் இல்லை, பயமும் இல்லை. யாராவது கேட்டால், "இருக்கான்னு பாத்தேன்" என்பார். விடிந்ததும் வேலைக்குக் கிளம்புகிறபோது, தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் நெற்றியையும் அப்படித்தான் தொட்டுவிட்டுப் போவார். மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த விரல்கள் அவளுக்குப் பழக்கம். எப்போதும் கொஞ்சம் ஈரம், கொஞ்சம் ரப்பர் குழாயின் வாசனை.

"இவரு கைய வெட்டிப் பரண்ல போட்டாலும், அது எறங்கி வந்து எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் போகும்" என்பாள் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக் குடில்களில் தண்ணீர் விடுவது அவருடைய வேலை. சேர்ந்த புதிதில், கடந்து போகிற தொட்டிகளில் எல்லாம் ஓர் இலையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்துவிட்டு நகர்வதை ஸ்டோர்காரர் கவனித்துவிட்டார். "என்னய்யா, நாடி பிடிக்கிறியா? காய்ச்சல் அடிக்குதா அதுக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் 'நாடி'. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லாமல் போய்விட்டது.

மகள் அந்தக் குடும்பத்திலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படித்து முடித்து, அதே ஆராய்ச்சி நிலையத்திலேயே ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். சேர்ந்த அன்று, அப்பா தோளில் குழாய்ச் சுருளோடு குடில் வாசலில் நின்றிருந்தார். மற்ற மாணவர்கள் எதிரிலேயே சலாம் வைத்தார். "குட்மார்னிங், சின்ன மேடம்."

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. ஓரமாக இழுத்துப் போய், "ப்பா, மானத்த வாங்காதீங்க" என்றாள்.

"எங்க வாங்கினேன்? குடுத்துட்டுல்ல இருக்கேன்" என்றார் அவர்.

அவர் அப்படித்தான். ஆனால் அவளுக்கு அவர் மேல் பழைய மனத்தாங்கல் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகப் பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்த சாயங்காலம், அப்பா அவள் தலையில் ஒரு முறை கை வைத்தார், சிரித்தார். பிறகு அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் அந்த வருஷம் எதிலும் தேறவில்லை. அவன் தலையைத் தடவிக்கொண்டே பொழுது சாயும் வரை அங்கேயே இருந்தார். பரிசு வாங்கியது யார், தடவல் யாருக்கு என்று அவளுக்கு அழுகையாக வந்தது. அது அவள் மனதில் முள்ளாகவே தங்கிவிட்டது.

ஆராய்ச்சிக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயத்தை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொல்லிப் பார்த்தாள். செடியால் ஓட முடியாது. புழு வந்து ஓர் இலையைக் கடித்தால், கடிபட்ட இடத்தில் ஜாஸ்மோனிக் அமிலம் என்கிற ஹார்மோன் மளமளவென்று சுரக்கும். சேதி அந்த இலையோடு நிற்காது. கடிபடாத இலைகளுக்கும் போய்ச் சேரும். அவை உஷாராகி, புழுவின் செரிமானத்தைக் கெடுக்கிற புரதங்களைத் தயாரித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு தின்றாலும் புழுவுக்கு உடம்பில் ஒட்டாது.

"அதாவது, கடிச்சவன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுருது" என்றான் அண்ணன். சரக்கு வண்டி ஓட்டுகிறவன். எதையும் ஒரு வரியில் முடிப்பான்.

"அதேதான்."

அப்பா தட்டில் கை வைத்தபடி யோசித்தார். "அதுக்கும் தெம்பு வேணும்ல?"

"வேணும்ப்பா. வளர்றதுக்கு வெச்சிருக்கறத எடுத்துக் காவலுக்குப் போட்டுடும். அதனால கொஞ்சம் குட்டையா நின்னுடும்."

"பாவம்" என்றார்.

அவளுடைய கேள்வி இதுதான். புழு வருவதற்கு முன்பே, தக்காளி நாற்றுக்கு அந்த ஹார்மோனைத் துளி அளவு தெளித்து வைத்தால், அது முன்கூட்டியே உஷாராகி நிற்குமா? ஒரு பகுதி நாற்றுக்குத் தெளிப்பு. இன்னொரு பகுதிக்கு ஒன்றும் கிடையாது, வெறும் தண்ணீர். பிறகு இரண்டு பகுதியிலிருந்தும் இலை பறித்துப் புழுக்களுக்குப் போட்டு, சில நாள் கழித்து எடை பார்க்க வேண்டும். தெளித்த செடியைத் தின்ற புழு மெலிந்தும், தெளிக்காத செடியைத் தின்ற புழு கொழுத்தும் இருந்தால் அவள் ஜெயித்தாள். தெளித்த மருந்து ஆவியாகிப் பக்கத்துச் செடிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, அந்த நாற்றுகளைக் குடிலின் கடைசியில் உள்ள கண்ணாடி அறையில் வைத்துப் பூட்டினாள். சாவி அவளிடம். உள்ளே தண்ணீர் விடுவதும் அவளேதான். தெளிக்காத நாற்றுகள் வெளியே, நடைபாதையை ஒட்டிய மேஜையில். அவற்றுக்குத் தண்ணீர் விடுவது நாடி.

முதல் தடவை எடை பார்த்தபோது, இரண்டு பக்கப் புழுக்களும் ஒன்றுபோல நோஞ்சானாக இருந்தன. இரண்டாம் தடவையும் அப்படியே. தெளிக்காத பக்கத்தில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கொழுத்த புழுக்கள். அவற்றை அவள் தன்னுடைய கைப்பிசகு என்றே நினைத்தாள்.

அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவரைத்தான் வேலைக்காரர்கள் பெரிய மேடம் என்பார்கள். அதட்டவே மாட்டார். அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

"மருந்து தெளிச்சாலும் ஒண்ணுதான், தெளிக்கலைன்னாலும் ஒண்ணுதான்னு உன் புழு சொல்லுது."

"இன்னொரு தடவ பாக்கறேன் மேடம்."

"பாரு. அதுலயும் இதே வந்தா இந்தத் தலைப்ப மூடிடலாம்."

தலைப்பை மூடினால் உதவித்தொகையும் அதோடு சேர்ந்து மூடப்படும். அவளும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதை யாரும் வாய் விட்டுச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் தடவைக்கு விதை போட்டுவிட்டு அவள் தன்னையே குடைந்துகொண்டிருந்தாள். தராசைத் துடைத்தாள். மருந்தைப் புதிதாகக் கலந்தாள். புழுக்களைத் தூரிகையால் தூக்குகிறபோது நசுக்கிவிடுகிறோமா என்று கையைக் கையைப் பார்த்தாள். கூடப் படிக்கிறவர்கள் ஒரு சோதனை தோற்றால் "மருந்து சரியில்ல" என்றார்கள். அவளுக்கு மட்டும் ஏன் "நான் சரியில்ல" என்றே தோன்றுகிறது? இந்த இடத்துக்கு நாம் தவறி வந்துவிட்டோமோ, இப்போது கண்டுபிடித்துவிடுவார்களோ? அம்மா ஒரு மாலை, "முடியலைன்னா விட்டுடு பாப்பா, உலகம் ஒண்ணும் முழுகிடாது" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் மகளுக்கு அது எரிகிற இடத்தில் உப்பு வைத்ததுபோல இருந்தது.

நாற்று வளர்ந்து வந்த ஒரு காலையில், மேஜைக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். கண் மட்டத்தில் பார்த்தால் நாற்றுகளின் தலை ஒரே சீராக இல்லை. நடைபாதைப் பக்கம் குட்டை. சுவர்ப் பக்கம், கடைசியில், சிலது மட்டும் நெட்டை. தட்டை யாரோ சாய்த்துப் பிடித்ததுபோல இருந்தது. மின்விசிறிக் காற்றோ என்று பார்த்தாள். விசிறி எதிர்த் திசையில் இருந்தது. வெளிச்சமும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். திடீரென்று நினைவுக்கு வந்தது. அந்தக் கொழுத்த புழுக்கள் தின்றது சுவர்ப் பக்கத்துத் தொட்டிகளின் இலையைத்தான்.

கை எட்டாத தொட்டிகள்.

அவள் கடைசி அறைக்குள் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் காத்திருந்தாள். சற்று நேரத்தில் அப்பா வந்தார். குழாயை இழுத்துப் போட்டார். மேஜையின் இந்த முனையில் வலது கையை விரித்து, நாற்றுகளின் தலை மேல் வைத்தார். நடக்க ஆரம்பித்தார். கை கூடவே போனது. எட்டின இலைகளை எல்லாம் வளைத்து, நிமிர விட்டு, அடுத்ததை வளைத்து, அந்த முனை வரைக்கும். அங்கே திரும்பி, அதேபோல இந்த முனை வரைக்கும். அதன் பிறகுதான் குழாயைத் திறந்தார்.

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"ப்பா, என்ன பண்றீங்க?"

"தண்ணி விடறேன் மேடம்."

"அதுக்கு முன்னாடி?"

அவர் தன் கையை வேறு யாருடையதோபோலப் பார்த்தார். "சும்மா தொட்டேன்."

"தினமுமா?"

"போகும்போது ஒரு தடவ. வரும்போது ஒரு தடவ."

"மத்தவங்க செடியையும் இப்படியா தடவறீங்க?"

"அதெல்லாம் வழக்கம்போலத்தான், போற போக்குல ஒரு இலை. இதுங்களுக்கு மட்டும்தான் கொஞ்சம் கூட."

"இதுங்களுக்கு மட்டும் ஏன்?"

அவர் கடைசி அறையைக் காட்டினார். "உள்ள இருக்கற பிள்ளைங்களுக்கு மருந்து இருக்கு, பூட்டு இருக்கு, நீ இருக்க. இதுங்களுக்கு நீ ஒண்ணுமே குடுக்கலையே. அதான், நானாவது..."

பரிசு வாங்கி வந்த அந்தச் சாயங்காலம் முழுசாகத் திரும்பி வந்து எதிரில் நின்றது. இத்தனை வருஷம் அதைத் தலைகீழாக அல்லவா பிடித்துக்கொண்டிருந்தோம்?

குழாயை மூடச் சொல்லிவிட்டு அவருக்கு விளக்கினாள். புழு கடித்தால்தான் என்றில்லை. இலையை யாராவது தினமும் தடவிக்கொண்டிருந்தாலும் செடி அதை வெறுமனே விடாது. அந்த வருடல் பாசமா, ஊர்ந்து வருகிற பூச்சியா என்று அதற்குத் தெரியாது. அதே ஹார்மோன் சுரக்கும். அதே உஷார். அதே குட்டை. அவள் எப்போதோ படித்ததுதான். படித்ததற்கும் அப்பாவின் கைக்கும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒன்றும் கொடுக்காமல் விட்ட நாற்றுகள் ஒன்றும் கிடைக்காத நாற்றுகளாக இல்லை. அவை மருந்து தெளித்தவற்றுக்குச் சமமாகக் காவலுக்கு நின்றிருக்கின்றன.

அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்ப, அந்தப் புழுவெல்லாம் பட்டினி கெடந்தது என்னாலயா?"

"ஆமாப்பா."

"நீ ராத்திரி சரியாச் சாப்பிடாம இருந்தது?"

அவர் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

விசித்திரம் என்னவென்றால் அவளுக்குக் கோபமே வரவில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ உருட்டிவிட்டதுபோல இருந்தது. மருந்து தோற்கவில்லை. தராசு தோற்கவில்லை. அவள் தோற்கவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் முட்டின. ஆனால் அடுத்த மூச்சிலேயே இன்னொரு பயம் தொற்றிக்கொண்டது. பெரிய மேடத்திடம் என்ன சொல்வது? ஒருவருடைய சோதனையைக் கெடுத்தவர்களை வெளி வயலுக்கு மாற்றியிருக்கிறார்கள். இந்த வயதில் அப்பா வெயிலில் மண்வெட்டி பிடிக்க முடியுமா?

"நான் பாத்துக்கறேன்ப்பா. யாரோ தெரியாம கை பட்டுடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"யாரோ இல்ல. நான்தான்" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்து நடந்தார்.

இத்தனை வருஷத்தில் பெரிய மேடத்தின் அறைக்குள் அவர் போனதே இல்லை. வாசல் மிதியடியில் காலைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளே நுழையும்போது விரல்கள் தம்பாட்டில் கதவு விளிம்புக்குப் போயின. சுட்டதுபோல இழுத்துக்கொண்டார்.

"மேடம், சின்ன மேடம் மேல தப்பில்ல. எல்லாம் என் கையால வந்த வினை."

அவர் சொல்லி முடிக்கும் வரை பேராசிரியை குறுக்கே பேசவில்லை. பிறகு, "எப்படித் தொட்டீங்க? காட்டுங்க" என்றார்.

அப்பா மேஜை மேல் வரிசையாக நிறுத்தியிருந்த புத்தகங்களின் தலையில் கையை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெல்ல ஓட்டினார்.

"இவ்வளவு மெதுவாவா?"

"இன்னும் மெதுவா மேடம். இது புத்தகம்தானே."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அவர் சிரித்து மகள் அதற்கு முன் பார்த்ததில்லை. "காத்து, வெளிச்சம், எலி, எறும்பு எல்லாத்தையும் யோசிச்சிருக்கேன். இத யோசிக்கலையே!" என்றவர், மகள் பக்கம் திரும்பினார். சிரிப்பு போய்விட்டது. "ஆனா நீ பொறந்ததுலருந்து இவரப் பாக்கற. உனக்குமா தோணல?"

அது சுருக்கென்று தைத்தது. தைக்க வேண்டியதுதான் என்றும் அவளுக்குத் தோன்றியது. தினமும் நெற்றியில் படுகிற விரலை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

"இருக்கற நாத்த எல்லாம் எடுத்துப் போடு" என்றார் பேராசிரியை. "மறுபடி விதை போடு. இந்தத் தடவ மூணு வரிசை. ஒண்ணு தெளிக்கறது, அது உள்ள. ஒண்ணு இவர் தொடறது. ஒண்ணு தொடாதது. ரெண்டையும் வேற வேற மூலையில வை." பிறகு அப்பாவைப் பார்த்து, "தொடறது உங்க வேலை. தொடாம இருக்கறதும் உங்க வேலை. முடியுமா?"

"முடியும் மேடம்" என்றார் அப்பா. மகள் நம்பவில்லை.

ஆனால் அவர் செய்தார். பட்ட பாடுதான் கொஞ்சநஞ்சமில்லை. தொடுகிற வரிசையில் ஜம்மென்று கையை ஓட்டிவிட்டு வருவார். தொடாத வரிசை நெருங்க நெருங்க நடை தயங்கும். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, இடது கையால் மட்டும் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விடுவார். ஸ்டோர்காரர் பார்த்துவிட்டு, "என்ன நாடி, வலது கை வேலைநிறுத்தமா?" என்றார்.

"லீவு போட்டிருக்கு."

"சம்பளத்தோடயா?"

"அது உனக்கெதுக்குய்யா?"

ஒருநாள் அவர் அந்த வரிசையிடம் குனிந்து முணுமுணுப்பது மகள் காதில் விழுந்தது. "இப்ப கெடையாது. கோச்சுக்கக் கூடாது. எல்லாம் முடியட்டும், வந்து மொத்தமாத் தந்துடறேன்."

வீட்டிலும் கையைக் கட்டிவிட்டார். கதவைத் தொடவில்லை, கம்பியைத் தொடவில்லை. "ஏங்க, கதவு உங்கள என்ன பண்ணுச்சு?" என்றாள் அம்மா. "இங்க தொட்டா, கை அங்கயும் தானாப் போயிடும். ஒரேயடியா விட்டாத்தான் விட முடியும்" என்றார். அதனால் மகளின் நெற்றிக்கும் இல்லை. காலையில் அவள் விழித்திருந்தும் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். காலடி பக்கத்தில் வந்து நிற்கும். கொஞ்சம் தயங்கும். பிறகு போய்விடும். ஈரமும் ரப்பர் வாசனையும் இல்லாத காலை இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

எடை பார்க்கிற நாள் வந்தது. தெளித்த செடியின் புழுக்கள், நோஞ்சான். அப்பா தொட்ட செடியின் புழுக்கள், கிட்டத்தட்ட அதே நோஞ்சான். தொடாத வரிசையின் முதல் புழுவைத் தராசில் விட்டபோது எண் எகிறியது. தராசு கெட்டுவிட்டதோ என்று எடுத்துத் திரும்ப வைத்தாள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். உருண்டு திரண்ட, பச்சைப் பசேலென்ற, ஒழுங்காகச் சாப்பிட்டு வளர்ந்த புழுக்கள். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு புழு கொழுத்ததற்கு மனிதர் கண்ணில் தண்ணீர் வருமா? வந்தது.

பேராசிரியை எண்களைப் பார்த்தார். "ம்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அது பதக்கம். தலைப்பு மூடப்படாது. அவளும் எங்கேயும் போக வேண்டாம். "உன் தொடாத வரிசை இல்லைன்னா மத்த ரெண்டுக்கும் அர்த்தமே இல்ல. இப்பவே அறுத்து உறைய வெச்சுடு. ஹார்மோன அளக்கணும்."

கால் தரையில் பாவாத சந்தோஷத்தோடு அவள் எல்லாவற்றையும் அறுத்தாள். இலைகளை வெள்ளித்தாளில் சுற்றி, பெயரெழுதி, உறைபெட்டியின் அடித்தட்டில் அடுக்கிப் பூட்டினாள். வேறெதையும் அவள் நினைக்கவில்லை.

அப்பா வெளி வயலில் உடைந்த குழாயைச் சரிபண்ணிவிட்டு, முழங்கால் வரை சேறோடு ஓடி வந்தார்.

"புழு தின்னுச்சா?"

"மூக்குப்பிடிக்கத் தின்னுருக்குப்பா!"

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். சேற்றுக் கையைக் கழுவினார், சட்டையில் துடைத்தார், வலது கையை உதறிச் சுடக்கெடுத்தார். நேராக அந்த மூலைக்குப் போனார். மேஜையில் தொட்டிகள் இருந்தன. தொட்டியில் மண்ணும், வெட்டிய தண்டின் முனையும் மட்டும் இருந்தன.

"எங்க?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அறுத்தாச்சுப்பா. அளக்கணும்ல."

"ஆமா, அளக்கணும்ல" என்றார். நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "தர்றேன்னு சொல்லியிருந்தேன்."

மறுநாள் காலை கதவுக்கு அவருடைய விரல்கள் திரும்பி வந்தன. அவள் நெற்றிக்கும் வந்தன. அண்ணனைப் பக்கத்து அறையில் தொட்டு எழுப்பிவிட்டு, "விடுங்கப்பா, வண்டி மதியந்தான்" என்று ஏச்சு வாங்கிக்கொண்டு போனார். அவள் போர்வைக்குள் சிரித்துக்கொண்டாள். எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அதே வருஷக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். கடைசி நாளன்று மாலையும் கையுமாக வழியனுப்ப வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு, குடில்களை ஒரு சுற்றுச் சுற்றினார். குழாய் மூடி, விசிறிக் கூண்டு, வாளி, ஸ்டோர் ஜன்னல், கண்ணில் பட்ட செடி எல்லாவற்றுக்கும் ஒரு தொடல். மகளின் ஆய்வகத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"அதுங்க இன்னும் இங்கதான் இருக்கா?"

"இருக்குப்பா. கொஞ்சம் இலை மிச்சம் இருக்கு. உறைபெட்டில."

அவர் உள்ளே வந்து, அந்த எஃகுக் கதவின் மேல் உள்ளங்கையை முழுசாகப் பதித்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தவர், குளிர்ந்துபோன விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

"இல்ல பாப்பா, இது கணக்குல சேராது. கதவத்தானே தொட்டேன்."